மின்னலுக்கு வழிவிட்ட கதை

மதுரைச் சீமையில் சித்திரை, வைகாசி மாதங்களின் பிற்பகல்களில், மேற்கே மலைப்பக்கம் வானம் கறுத்துக்கொண்டு வருவதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். முதலில் புழுதிக் காற்று. பிறகு மண்வாசனை. அதன் பின்னரே இடி. வீட்டுப் பெரியவர்கள் 'அர்ச்சுனா, அர்ச்சுனா' என்பார்கள். இளையவர்கள் ஓடிச்சென்று தொலைக்காட்சிப் பெட்டியின் பிளக்கைப் பிடுங்குவார்கள். புரட்டாசி, ஐப்பசியில் மறுபடியும் இதே காட்சி. பிளக்கைப் பிடுங்குவது நல்ல பழக்கமே. ஆனால் பிடுங்கவே கூடாத ஒரு கருவி, அதுவும் ஊரிலேயே உயரமான கம்பத்தின் உச்சியில் இருந்தால் என்ன செய்வது?

இது வெறும் கேள்வியன்று. 1976-இல் டாக்டர் கோ. வெங்கடசாமி மதுரையில் 11 படுக்கைகளுடன் தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை, 1985-இல் தேனியில் ஒரு கிளையை நிறுவியது. சுற்றுவட்டாரச் சிற்றூர்களிலிருந்து கண் பார்வை மங்கிய முதியவர்கள் பேருந்து ஏறித் தேனிக்கு வரவேண்டும். துணைக்கு ஒருவர் வரவேண்டும். இருவருக்கும் ஒரு நாள் கூலி போகும். ஆகவே பலர் வருவதே இல்லை. இதற்கு மாற்றாகச் சிற்றூர்களிலேயே 'பார்வை மையங்கள்' அமைத்து, பயிற்சி பெற்ற பணியாளர் கண்ணைச் சோதிக்க, தேனியிலிருக்கும் மருத்துவர் நிகழ்படத்தின் வழியே நோயாளியுடன் பேசி முடிவு சொல்லும் ஏற்பாடு உருவாயிற்று. அப்போது அவ்வூர்களில் அதற்கேற்ற வேகமுள்ள தொலைபேசி இணைப்பு இல்லை. கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆய்வுக் குழுவினர், வீட்டுக்குள் சில பத்து மீட்டர் மட்டுமே செல்லும் வை-ஃபை அலைகளைக் கம்பி வலைக் கிண்ண ஆன்டெனாக்களால் ஒரே திசையில் குவித்தும், அதன் செய்தி விதிகளைத் திருத்தியும், கிலோமீட்டர் கணக்கில் அனுப்பிக் காட்டினர். அரவிந்த் வலையமைப்பில் 1 கிலோமீட்டர் முதல் 15 கிலோமீட்டர் வரை நீண்ட இணைப்புகள் இருந்தன. போடிநாயக்கனூர், சின்னமனூர், ஆண்டிபட்டி ஆகிய ஊர்ப்பெயர்கள் இப்படித்தான் அமெரிக்கக் கணினி மாநாட்டுக் கட்டுரைகளில் இடம் பெற்றன.

இதற்குச் சற்று முன்பு, 2001-இல், மதுரை மாவட்டத்தின் மேலூர் வட்டாரத்தில் வேறொரு முயற்சி தொடங்கியிருந்தது. சென்னை ஐ.ஐ.டி.யில் பேராசிரியர் அசோக் ஜுன்ஜுன்வாலாவின் குழு உருவாக்கிய 'கார்-டெக்ட்' என்னும் கம்பியில்லாத் தொலைபேசி முறையைக் கொண்டு கிராமங்களில் இணைய மையங்கள் திறக்கப்பட்டன. கண்ணைப் படம் பிடித்து மதுரைக்கு அனுப்பி ஆலோசனை கேட்கும் வழக்கம் அங்கும் இருந்தது. அம்மையங்களில் பல சில ஆண்டுகளிலேயே மூடப்பட்டுவிட்டன. வருமானக் குறைவுடன், பழுதானால் பார்க்க ஆளில்லாமையும் காரணமாயிற்று.

இரண்டு முயற்சிகளிலும் பொதுவான உருப்படி ஒன்று உண்டு: கூரை மேல் நிற்கும் இரும்புக் கம்பம். அதன் உச்சியிலிருந்து ஒரு கம்பி கட்டடத்துக்குள் இறங்கி, ஒரு மின்னணுக் கருவியில் போய் முடிகிறது. இயற்பியல் கண்ணோடு பாருங்கள். இடிதாங்கிக்கும் இதற்கும் என்ன வேறுபாடு? இடிதாங்கி மண்ணில் போய் முடிகிறது. இது மேசை மேல் போய் முடிகிறது. அவ்வளவே.

வீட்டுக்குள் வந்த இடி

மேசை மேல் முடியும் கம்பி எவ்வளவு ஆபத்தானது என்பதை உலகம் 1753-லேயே அறிந்துகொண்டது. அதற்கு முந்தைய ஆண்டு, பெஞ்சமின் ஃபிராங்ளின் எழுதியிருந்த யோசனைப்படி, பிரான்சில் மார்லி என்னும் ஊரில் தாலிபார் என்பவர் 40 அடி உயர இரும்புக் கம்பி ஒன்றை நாட்டியிருந்தார். அதன் அடியில் கண்ணாடிப் புட்டிகளை வைத்து மண்ணோடு தொடாமல் காத்திருந்தார்கள். 1752 மே 10 அன்று இடிமேகம் வந்தபோது, காவலுக்கு இருந்த முதிய படைவீரர் கம்பியிலிருந்து தீப்பொறிகளை இழுத்துக் காட்டினார். மின்னல் மின்சாரமே என்பது உறுதியாயிற்று. மேகம் நேராகக் கம்பியில் இறங்காதது அவருடைய நல்லகாலம்.

அந்த நல்லகாலம் ரஷ்யாவில் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகரில் ரிக்மன் என்ற அறிஞருக்கு வாய்க்கவில்லை. அவர் தம் வீட்டுக் கூரை மேல் இரும்புக் கம்பி வைத்து, அதிலிருந்து ஒரு சங்கிலியை அறைக்குள் இறக்கி, மின்னேற்றத்தை அளக்கும் கருவியில் இணைத்திருந்தார். அளக்க வேண்டுமென்பதால் மண்ணோடு இணைக்கவில்லை. 1753 ஆகஸ்டில் இடி முழங்கியபோது அளவைப் பார்க்கக் குனிந்தார். கம்பியிலிருந்து நெருப்புப் பந்து போன்ற ஒன்று நெற்றியில் தாக்க, அங்கேயே மாண்டார். நிலத்தொடர்பு இல்லாத ஆன்டெனாவை வீட்டுக்குள் கொண்டுவந்த முதல் மனிதர் அவரென்று கூடச் சொல்லலாம். ஆன்டெனா என்ற கருத்தே தோன்றாத காலம் அது.

ஃபிராங்ளினிடமும் ஒரு பிழை இருந்தது. கூர்மையான கம்பிமுனை மேகத்தின் மின்னேற்றத்தைச் சத்தமின்றி வடித்துவிடும், ஆகவே இடியே விழாது என்று அவர் நம்பினார். அப்படி நடப்பதில்லை. இடி விழத்தான் செய்யும். கம்பி அதற்கு ஒரு வழியைத் தருகிறது. முனை கூராக இருக்கவேண்டுமா, உருண்டையாக இருக்கவேண்டுமா என்று இங்கிலாந்தில் பல ஆண்டுகள் சச்சரவிட்டார்கள். மன்னர் மூன்றாம் ஜார்ஜ் கூட அதில் தலையிட்டார். மேல்முனையைப் பற்றி இத்தனை பேச்சு. கீழ்முனையைப் பற்றிக் கவலைப்பட்டவர் குறைவு.

நம் ஊரிலும் இதுபோன்ற ஒரு பேச்சு உண்டு. கோபுரக் கலசங்கள் செம்பாலானவை, ஆகவே அவை இடிதாங்கிகள் என்று சொல்லக் கேட்டிருப்பீர்கள். மதுரை மீனாட்சியம்மன் கோயிலின் தெற்குக் கோபுரம் ஏறத்தாழ 170 அடி உயரம். அத்தனை உயரத்தில் செம்புக் கலசம் இருந்தால் மின்னல் அதைத் தேடி வரக்கூடும் என்பது சரி. ஆனால் கலசத்திலிருந்து மண் வரை செம்புப் பட்டை இறங்கவில்லை எனில், செங்கல்லும் சுதையும் வழியே மின்னல் தன் பாதையைத் தானே வெட்டிக்கொள்ளும். கலசத்தைக் குறை கூறுவதாக எண்ணவேண்டாம். அதற்கு அந்த வேலை கொடுக்கப்படவே இல்லை.

தந்தியிலிருந்து வானொலி வரை

மண்ணுக்கு மின்னியலில் இரண்டாவது பணி 1838-இல் கிடைத்தது. தந்திக்கு இரு கம்பிகள் வேண்டியதில்லை, ஒரு கம்பி போதும், திரும்பும் வழியாக நிலமே உதவும் என்று ஜெர்மனியில் ஸ்டைன்ஹைல் கண்டார். அடுத்த ஆண்டே கல்கத்தாவில் ஓஷாக்னசி என்ற மருத்துவர் தந்திச் சோதனை நடத்தினார். 1851-இல் கல்கத்தாவுக்கும் டயமண்ட் துறைமுகத்துக்கும் இடையே தந்தி ஓடிற்று. 1855-இல் இந்தியத் தந்தி பொதுமக்களுக்குத் திறந்துவிடப்பட்டது. வயல்வெளியில் நூற்றுக்கணக்கான மைல் நீளும் கம்பி மின்னலுக்குப் பிடித்த பொருள் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

இங்கே ஒரு நுட்பத்தைக் கவனியுங்கள். கம்பியின் மேல் நேராக இடி விழவேண்டும் என்பதில்லை. 1846-இல் அமெரிக்காவில் ஜோசஃப் ஹென்றி, தொலைவில் எங்கோ மின்னும் மின்னல் கூடத் தந்திக் கம்பியில் மின்னோட்டத்தைத் தூண்டுவதை எடுத்துக்காட்டினார். எதிர் ஊரில் இடி விழ, இந்த ஊரில் கருவி பழுதாவதன் மூலகாரணம் இதுதான். இதற்காகத் தந்தி நிலையங்களில் கம்பிக்கும் நிலத்துக்கும் நடுவே ஒரு சிறு இடைவெளி விட்ட உலோகத் தகடுகளைப் பொருத்தினார்கள். சாதாரண மின்னழுத்தம் அந்த இடைவெளியைத் தாண்டாது. மின்னலின் மிகையழுத்தம் பொறியாகத் தாண்டி மண்ணுக்குப் போய்விடும். இன்று ஆன்டெனாக் கம்பியில் திருகப்படும் வாயு நிரப்பிய சிறு காப்புக் குழல் இதன் பேரப்பிள்ளையே.

பிறகு வந்தவர் ஆலிவர் லாட்ஜ். 1888-இல் லண்டனில் இடிதாங்கிகளைப் பற்றிச் சொற்பொழிவாற்ற அழைத்தபோது, லேடன் சாடிகளை வைத்துச் செயற்கை மின்னல் உண்டாக்கிப் பார்த்தார். மின்னேற்றத்துக்கு இரு வழிகள் வைத்தார்: ஒன்று தடித்த செம்புக் கம்பி, மற்றொன்று காற்றில் ஒரு சிறு இடைவெளி. ஓமின் விதிப்படி மின்சாரம் செம்பு வழியாகத்தான் போகவேண்டும். ஆனால் அது காற்றைத் துளைத்துக்கொண்டு தாவிற்று! அஞ்சல்துறைத் தலைமைப் பொறியாளர்களில் ஒருவரான பிரீஸ் இதை ஏற்க மறுத்துக் கடுமையாக வாதிட்டார். அவர் அறிந்தது நிலையாக ஓடும் மின்னோட்டம். லாட்ஜ் பேசியதோ, கண்ணிமைக்கும் நேரத்தில் இலட்சத்தில் ஒரு பங்குக்குள் எழுந்து விழும் மின்னோட்டம்.

ஒரு சிறு கணக்கு. மின்னல் ஒன்றில் 20,000 ஆம்பியர் ஓடுவது சர்வ சாதாரணம். அது 2 மைக்ரோ வினாடியில் அந்த அளவை எட்டுகிறது என்று கொள்வோம். நேரான கம்பி ஒரு மீட்டருக்கு ஏறக்குறைய 1 மைக்ரோ ஹென்றி தன்மின்தூண்டல் உடையது. பெருக்கிப் பாருங்கள்: ஒவ்வொரு மீட்டர் கம்பியின் இரு முனைகளுக்கும் இடையே 10,000 வோல்ட்! 12 மீட்டர் கம்பத்துக்கு 1,20,000 வோல்ட். கம்பியின் தடை ஓமில் நூறில் ஒரு பங்காக இருந்தாலும் இதில் மாற்றமில்லை. ஆகவேதான் நிலத்தொடர்புக் கம்பி குட்டையாகவும் நேராகவும் இருக்கவேண்டும் என்கிறார்கள். மிச்சக் கம்பியை அழகாகச் சுருட்டிக் கட்டி வைக்கும் எலெக்ட்ரீஷியன் நல்லெண்ணத்துடன் ஒரு தூண்டுசுருளைச் செய்து வைக்கிறார்.

இந்தச் சோதனைகளைத் தொடர்ந்த லாட்ஜ், கம்பிகளின் வழியே மின்காந்த அலைகள் ஓடுவதைக் கண்டார். அதே ஆண்டில் ஹெர்ட்ஸ் அவ்வலைகளை வெட்டவெளியிலேயே செலுத்திக் காட்டியதால் பெயர் அவருக்குப் போயிற்று. 1895-இல் செயின்ட் பீட்டர்ஸ்பர்கில் போபோவ், தொலைவில் மின்னும் மின்னலை அறிவிக்கும் கருவி ஒன்றைச் செய்து, அதை உயரத்தில் நிறுத்திய ஒரு கம்பியோடும் நிலத்தோடும் இணைத்தார். ரிக்மன் மாண்ட அதே நகரம்! வானொலி ஏற்பிகளின் முன்னோடிகளுள் ஒன்று இப்படி இடிதாங்கிக் கம்பியில் தொங்கிக்கொண்டு பிறந்தது. மார்க்கோனியும் ஏரியலின் கீழ்முனையை நிலத்தில் இணைத்தே வெற்றி கண்டார்.

1939-இல் திருச்சி வானொலி நிலையம் தொடங்கிய பின், மதுரையில் வால்வு ரேடியோ வைத்திருந்த வீடுகளின் மொட்டை மாடிகளில் இரண்டு மூங்கில்களுக்கு இடையே பீங்கான் மணிகள் கோத்த ஏரியல் கம்பி கட்டியிருப்பார்கள். ஏரியலுக்கு ஒரு கம்பி, எர்த்துக்கு ஒரு கம்பி; சன்னலோரத்தில் ஒரு கத்திச் சுவிட்ச். இடி தொடங்கியதும் வீட்டுக்காரர் சுவிட்சைக் கீழே தள்ளி ஏரியலை நேராக மண்ணோடு சேர்த்துவிடுவார். டிரான்சிஸ்டர் வந்தது; ஏரியலும் எர்த்தும் போயின; கூடவே அந்த அறிவும் வீட்டைவிட்டுப் போய்விட்டது. பின்னர் கூரைக்கு மேல் மறுபடியும் கம்பம் ஏறியபோது, கத்திச் சுவிட்சை நினைவு வைத்திருந்தவர் எவருமில்லை.

மண் எவ்வளவு வாங்கிக்கொள்ளும்?

நிலம் என்றால் சுழிய வோல்ட் என்று வகுப்பில் கற்பிக்கிறோம். நானும் அப்படித்தான் கற்பிக்கிறேன். ஆனால் அது பாதி உண்மை.

3 மீட்டர் நீளமும் 16 மில்லிமீட்டர் விட்டமும் உள்ள ஒரு கம்பியை மண்ணில் அடித்தால் கிடைக்கும் தடை, மண்ணின் தன்தடையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. திருமங்கலத்துப் பக்கம் உள்ள ஈரக் கரிசலின் தன்தடையை 30 ஓம்-மீட்டர் என்று கொண்டால் கம்பியின் தடை 10 ஓம். மேலூர்ப் பக்கம் காய்ந்த சரளைச் செம்மண், 1,000 ஓம்-மீட்டர் என்று கொள்வோம். அதே கம்பி, தடை 330 ஓமுக்கு மேல்! அதற்கும் கீழே கருங்கற்பாறை. கம்பி இறங்கவே இறங்காது. அங்கெல்லாம் ஆழத்தை விட்டுவிட்டு, கட்டடத்தைச் சுற்றி ஓரடி, ஈரடி ஆழத்தில் வளையமாகக் கம்பியைப் புதைப்பதே வழி. குழி வெட்டிக் கரியும் உப்பும் இட்டு நீர் ஊற்றும் பழைய முறையை நீங்கள் மின்மாற்றிகளின் அருகே பார்த்திருப்பீர்கள். 1987-இல் திருத்தி வெளியிட்ட இந்தியத் தரவிதி 3043 இவ்வகைக் குழிகளை விவரிக்கிறது. குழியில் ஊற்றும் நீர் சடங்கன்று. பங்குனியில் மண் காய்ந்தால் தடை பல மடங்கு ஏறும். முதல் கோடை இடி வருவதோ அந்தக் காய்ந்த மண்ணின் மேல்தான்.

சரி, 10 ஓம் கிடைத்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். 20,000 ஆம்பியர் அதில் ஓடினால் 2,00,000 வோல்ட். அப்படியானால் 'நல்ல எர்த்' இருந்தும் பயனில்லையா?

மின்கம்பியில் உட்கார்ந்திருக்கும் காக்கையை நினைத்துக்கொள்ளுங்கள். அதன் இரு கால்களும் ஒரே மின்னழுத்தத்தில் இருப்பதால் அதற்கு ஒன்றும் ஆவதில்லை. கட்டடத்திலுள்ள கம்பம், கருவியின் உறை, மின்னிணைப்பின் எர்த், தண்ணீர்க் குழாய் எல்லாம் ஒன்றோடொன்று தடித்த கம்பியால் பிணைக்கப்பட்டிருந்தால், நிலம் 2,00,000 வோல்ட்டுக்கு ஏறும்போது எல்லாம் சேர்ந்து ஏறும், சேர்ந்து இறங்கும். எதன் நடுவிலும் வேறுபாடு இல்லை. ஆகவே எதுவும் கருகாது. தனித்தனி எர்த் வைத்தாலோ, ஒன்று ஏறும், மற்றொன்று அப்படியே நிற்கும். இரண்டையும் இணைக்கும் மெல்லிய செய்திக் கம்பியே பலியாகும். மரத்தடியில் ஒதுங்கிய மாடு சாவதும் இதே காரணத்தால்தான். மரத்தில் இறங்கிய மின்னல் மண்ணில் பரவும்போது, முன்னங்காலுக்கும் பின்னங்காலுக்கும் இடையே ஆயிரக்கணக்கான வோல்ட் வேறுபாடு எழுகிறது. மின்னோட்டம் நெஞ்சின் வழியே பாய்கிறது. இடி வெட்டவெளியில் பிடித்துக்கொண்டால் கால்களைச் சேர்த்துக் குந்தச் சொல்வது இதனால்தான்.

இதை நான் புத்தகத்தில் மட்டும் படிக்கவில்லை. நான் பணிபுரியும் கல்லூரியில் விடுதிக் கூரையின் கம்பத்துக்கும் அலுவலகக் கட்டடத்துக்கும் இடையே ஏறத்தாழ 40 மீட்டர். ஓர் ஐப்பசி மாலை இடித்த இடியில் இரு முனைகளிலும் இருந்த கருவிகள் செத்தன. 'எர்த் இரண்டு போட்டிருக்கிறோமே' என்று கருவி பொருத்தியவர் வியந்தார். இரண்டு போட்டதுதான் கோளாறு. செய்திக் கம்பியின் இணைப்புத் துளையில் உள்ள சிறு மின்மாற்றி 1,500 வோல்ட் அளவுக்கே தாங்கும்படி செய்யப்படுவது. அது 40 மீட்டருக்கு அப்பாலுள்ள இரு நிலங்களின் சண்டையைத் தீர்த்துவைக்க வேண்டியதாயிற்று.

சாக்கெட்டின் வழியே

தேனி வலையமைப்பை அமைத்த பெர்க்லி குழுவினர் 2008-இல் வெளியிட்ட கட்டுரையை, கருவி பழுதாகி ஏமாந்த எவரும் படிக்கவேண்டும். இணைப்பை ஒருமுறை ஏற்படுத்திக் காட்டுவது எளிது, ஆண்டுக்கணக்கில் உயிரோடு வைத்திருப்பதே கடினம் என்பது அவர்கள் அனுபவம். அலைகள் அவர்களுக்குத் தொல்லை தரவில்லை, மின்சாரம் தந்தது. கிராமங்களில் மின்வழியை நாள்கணக்கில் பதிவு செய்து பார்த்தபோது, 230 வோல்ட் இருக்கவேண்டிய இடத்தில் 1,000 வோல்ட் வரை எழும் திடீர் உச்சங்களைக் கண்டார்கள். நெடுந்தொலைவு வெட்டவெளியில் ஓடி வரும் மின்கம்பி, ஹென்றி கண்ட தந்திக் கம்பியின் தம்பி அல்லவா? மின்னழுத்தம் மிகக் குறைந்தாலும் தீங்குதான்: கருவி முழுதும் அணையாமலும் முழுதும் இயங்காமலும் திகைத்து நின்றுவிடும், நினைவகத்தில் எழுதியது சிதையும். மின்கலம், மின்னழுத்தம் குறைந்தால் தானே துண்டிக்கும் சாதனம், சூரிய ஒளித் தகட்டுக்கேற்ற மலிவான கட்டுப்படுத்தி என்று அவர்கள் செய்துகொண்டவற்றில் பாதிக்கு மேல் வானொலி இயலோடு தொடர்பில்லாதவை. எனக்குப் பிடித்த பகுதி அதுதான். முனைவர் பட்டத்துக்கு வந்தவர்கள் கடைசியில் நல்ல எலெக்ட்ரீஷியன்கள் ஆனார்கள்.

ஆகவே கம்பத்துக்கு எர்த் போட்டுவிட்டுச் சாக்கெட்டை மறந்தால், முன்வாசலைப் பூட்டிக் கொல்லைப்புறத்தைத் திறந்து வைத்த கதைதான். உள்ளே வரும் ஒவ்வொரு கம்பிக்கும், மின்கம்பியானாலும் செய்திக் கம்பியானாலும், நுழையும் இடத்திலேயே காப்புச் சாதனம் வேண்டும். அவை அனைத்தின் கீழ்முனைகளும் ஒரே செம்புப் பட்டையில் சேரவேண்டும். அந்தப் பட்டையிலிருந்து மண்ணுக்குப் போகும் வழி குட்டையாக இருக்கவேண்டும். லாட்ஜின் கணக்கை மறக்காதீர்கள்; மூன்று மீட்டர் சுற்றி வந்தால் 30,000 வோல்ட்.

இன்று பல ஊர்களுக்குக் கண்ணாடியிழை வந்துவிட்டது. கண்ணாடி மின்சாரத்தைக் கடத்தாது; இரு கட்டடங்களுக்கு இடையே அதைப் போட்டால் மேற்சொன்ன சண்டையே எழாது. ஆயினும் பள்ளிக்கூடக் கூரைகளிலும் தோட்டத்து மோட்டார் அறைகளிலும் கண்காணிப்புக் கேமராக் கம்பங்களிலும் கம்பியில்லாக் கருவிகள் முன்னைவிட அதிகமாகவே ஏறிக்கொண்டிருக்கின்றன. அடுத்த முறை அப்படி ஒன்றைக் கடக்கும்போது உச்சியைப் பார்க்காதீர்கள், அடியைப் பாருங்கள். பச்சைக் கம்பி ஒன்று இறங்கி, பாதிச் சுவரில் அறுந்து தொங்குவதைப் பல இடங்களில் காணலாம்.

எங்கள் விடுதிக்கு வருவோம். இரு குழிகளுக்கும் இடையே வாய்க்கால் தோண்டி, இரும்புப் பட்டையைப் புதைத்துப் பிணைத்தோம். செய்திக் கம்பியை எடுத்துவிட்டுக் கண்ணாடியிழை போட்டோம். இரண்டு ஐப்பசிகள் போய்விட்டன, கருவிகள் ஓடுகின்றன. இரண்டு பருவங்கள் எதையும் மெய்ப்பிக்கப் போதாதென்று என் மாணவர்களே எனக்குச் சொல்வார்கள். தோட்டக்காரர் மட்டும் பங்குனி பிறந்ததும் வாரத்துக்கு இரண்டு குடம் தண்ணீரை அந்தக் குழிகளில் ஊற்றிக்கொண்டிருக்கிறார்.